கடைவாய்ப்பல் ஒன்றின் தெளிவான படம்

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருக்கும் ஜெயம்மாளுக்கு இடதுபக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் வலித்தது. இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. திருப்பதி பஸ்ஸும் சென்னை பஸ்ஸும் நின்று போகிற அந்த ரோட்டில் பல்வலி இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் மற்றவர்களின் பல் வலித்ததோடு சரி. ஜெயம்மாளின் பல் புகழ்பெற்றது.

வலதுபக்கக் கடைவாய்ப்பற்களை அவள் முன்பே திருத்தணிக் கடைத்தெரு டாக்டர் ஒருவரிடம் பறிகொடுத்திருந்தாள். மிச்சமிருந்த மெல்லும் வேலை எல்லாம் இந்த ஒரு பல்லின் தலைமேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பிடுங்குகிற பேச்சையே எடுக்கக் கூடாது என்று கணவன் பரந்தாமனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

தோசைக்கல்லைப் பார்த்துக்கொள்ளும் பரந்தாமனுக்கு ஊர்ச் செய்திகள் எல்லாம் பஸ் டிரைவர்கள் மூலம் வந்து சேரும். "குன்றுதோறாடல் காலேஜுக்குப் போலாம் ஜெயா. அங்க ஃப்ரீ. புச்சா ஒரு மிஷின் வந்துகீதாம். பல்லுக்குள்ளயே பூந்து பாக்குமாம்" என்றான்.

குன்றுதோறாடல் பல் மருத்துவக் கல்லூரி திருத்தணிக்கு வெளியே, மலையின் பின்பக்கம், ரயில் பாதைக்கும் கரும்புக் கொல்லைக்கும் நடுவில் இருந்தது. நிறுவியவர் முருக பக்தர். குன்றுதோறும் ஆடுகிற கடவுளை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். குன்று ஆடுகிறதோ இல்லையோ, உள்ளே போனவன் பல் ஆடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொறாமைக்காரர்கள் கிளப்பிவிட்டது என்பது கல்லூரியின் கருத்து.

பரந்தாமன் சொன்ன மிஷின், அறுவை சிகிச்சைக்கான மைக்ராஸ்கோப். நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியின் வாய்க்கு மேலே கொக்குக் கழுத்துபோல நீண்டு நிற்கும். அதில் கண்ணை வைத்தால் பல்லின் பள்ளம் ஏரி மாதிரித் தெரியும். மயிரிழை விரிசல் வாய்க்கால் மாதிரித் தெரியும். கண்ணுக்குத் தப்புகிற கோளாறைக் கண்டுபிடித்துப் பல்லைக் காப்பாற்றுவதற்காக எங்கோ யாரோ மெனக்கெட்டுச் செய்தது. அதன் விலாவில் ஒரு கேமராவையும் பொருத்தலாம். கல்லூரி முதல்வர் டாக்டர் ஹரிஹரன் மைக்ராஸ்கோப்பைத்தான் வாங்கினார். ஆனால் அவர் மனதைப் பறிகொடுத்தது கேமராவிடம். வந்த மாதமே சிகிச்சைக் கூடத்தின் வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'தெளிவான படம் இன்றிப் பல்லைத் தொடாதே.'

ஜெயம்மாளை முதலில் பார்த்தவள் அனுராதா என்கிற மேற்படிப்பு மாணவி. கடைசி வருடம். மெல்லிய கைகள், வேகமான பேச்சு. பல்லை ஒரு கம்பியால் தட்டிப் பார்த்தாள், காற்று ஊதிப் பார்த்தாள், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"பயப்படாதீங்கம்மா. சின்ன விரிசல். உள்ள நரம்பு வரைக்கும் சொத்தை போயிருக்கு. வேர் சிகிச்சை பண்ணி மேல ஒரு தொப்பி போட்டுட்டா காப்பாத்திடலாம்."

ஜெயம்மாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எப்பம்மா பண்ணுவீங்க?"

"ஒரு போட்டோ எடுத்து, அது தெளிவா இருக்குன்னு சார் சொல்லிட்டார்னா உடனே ஆரம்பிச்சிடலாம்."

"போட்டோதானே?" என்று ஜெயம்மாள் எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

படம் முகத்துக்கு இல்லை என்று புரியவைத்து அவளை மறுபடியும் சாய்த்தார்கள். கன்னங்களை விலக்கி வைக்க வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார்கள். எச்சிலை உறிஞ்ச ஒரு குழாயைத் தொங்கவிட்டார்கள். கடைசிப் பல் நேராகக் கேமராவுக்குத் தெரியாது என்பதால் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, அதில் விழுகிற பிம்பத்தைப் படம் எடுத்தாள் அனுராதா. சுவரில் இருந்த பெரிய திரையில் படம் வந்தது. முதல்வர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது பல்லா, மார்கழி மாசத்து ஏரிக்கரையா?"

"கண்ணாடியில பனி படிஞ்சிடுச்சு சார்" என்றாள் அனுராதா.

முதல்வர் குனிந்து ஜெயம்மாளைக் கனிவோடு பார்த்தார். "அம்மா, நீங்க மூச்சு விடுறீங்க."

வளையத்துக்குள்ளிருந்து ஜெயம்மாள் ஒத்துக்கொண்டாள். "ஆங் சார். வுட்டுகினுதான் கீறேன்."

"அதுதான் பிரச்சினை. வீட்ல பழகிட்டு அடுத்த வாரம் வாங்க."

ஜெயம்மாள் வீட்டில் பழகினாள். மாவு அரைக்கும்போதும் சட்னி தாளிக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து பரந்தாமன் ஒருமுறை முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டான்.

அடுத்த வாரம் மூச்சு படத்தில் வரவில்லை. அனுராதா கண்ணாடியைச் சூடுபடுத்தியே வைத்திருந்தாள், பனியே படியவில்லை. ஆனால் முதல்வரின் பார்வை வலிக்கிற பல்லைத் தாண்டிப் பக்கத்துச் சின்னப் பல்லுக்குப் போனது. அந்தப் பல்லுக்கு ஒரு நோவும் இல்லை. கொஞ்சம் டீக்கறை மட்டும் இருந்தது.

"பின்னணி சரியில்ல" என்றார்.

நோயில்லாத பல்லை அன்று சுத்தம் செய்தார்கள். தேய்த்தார்கள், பளபளப்பாக்கினார்கள். வலிக்கிற பல்லின் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. அதற்குத்தான் இன்னும் தெளிவான படம் இல்லையே. டீ, வெற்றிலை, மஞ்சள் சேர்த்த எதுவும் படம் முடிகிறவரைக்கும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மஞ்சள் சேராத சாம்பாரை யாராவது வைக்க முடியுமா? ஜெயம்மாள் சாம்பாரை ருசி பார்ப்பதையே விட்டாள். அந்தப் பொறுப்பு பரந்தாமனிடம் போனது. பரந்தாமனின் நாக்கு, டப்பாவின் மேல் எழுதியிருந்தால்தான் உப்பு எது சர்க்கரை எது என்று கண்டுபிடிக்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணிக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிற சமயம். வருஷத்தின் பெரிய வியாபாரம். ஒரு வேன் டிரைவர் முதல் வாய் வைத்துவிட்டு, "யக்கா, இது சாம்பாரா, மெரினா பீச்சா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். பின்னாலேயே அந்த வேன் மொத்தமும் போனது.

வலி இப்போது காதுவரை ஏறியிருந்தது. "வேற எங்கனா போலாம் ஜெயா" என்றான் பரந்தாமன்.

"வேற எங்க போனாலும் பிடுங்குவாங்க. அந்தப் பொண்ணு காப்பாத்தறேன்னு சொல்லிகீது. ஒரு போட்டோதானே பாக்கி?"

மூன்றாவது முறை மூச்சும் சரி, பின்னணியும் சரி. முதல்வர் திருப்தியோடு உருப்பெருக்கத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டக் கூட்டப் பல் திரையை அடைத்துக்கொண்டு வளர்ந்தது. உச்சிக்கு வந்ததும் திரையில் பல் மெல்ல அசைய ஆரம்பித்தது. ஒரே சீராக, முன்னும் பின்னும்.

"யார் நாற்காலியை ஆட்டுறது?" என்று முதல்வர் சத்தம் போட்டார்.

யாரும் ஆட்டவில்லை. அனுராதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நாடித் துடிப்பு சார். இவ்வளவு பெருசாக்குனா இதயம் துடிக்கிறதுகூடத் தெரியும்."

முதல்வர் மறுபடியும் ஜெயம்மாள் பக்கம் குனிந்தார். "அம்மா, அதைக் கொஞ்ச நேரம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கேட்க வந்தது மருத்துவ தர்மத்துக்குப் பொருந்தாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "...அமைதியா வச்சுக்க முடியுமா?" என்று முடித்தார்.

"மரத்துப்போற ஊசி போட்டா வலி குறையும் சார். பதட்டமும் அடங்கும்" என்றாள் அனுராதா.

"ஊசி போட்டா ஈறு வெளுத்துடும். வெளுத்த ஈறை யார் மதிப்பாங்க? வலி இருந்தா இருக்கட்டும், நிறம் போகக் கூடாது." பிறகு கூடியிருந்த மாணவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "டாக்டர் அனுராதா திறமைசாலிதான். ஆனா இவங்க நோயாளியைப் பார்க்கிறாங்க. அதனாலதான் படம் அசையுது. கேமராவுக்குப் பின்னால நிக்கிறவனுக்கு நோயாளி தெரியக் கூடாது. பல் மட்டும்தான் தெரியணும். இன்னும் பக்குவம் வந்தா பல்லும் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும்."

மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சென்னை மின்சார ரயில் கடந்து போனது. கட்டடம் லேசாக அதிர்ந்தது. திரையில் ஜெயம்மாளின் பல் பூகம்பத்தில் மாட்டிய கோபுரம்போல ஆடியது. படம் எடுக்கும் வேளையில் ரயில்களை நிறுத்திவைக்குமாறு கேட்டு முதல்வர் அன்றே ரயில்வேக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. நோயாளிகளின் நலனில் அக்கறை இல்லாத நாடு இது என்று அவர் வருத்தப்பட்டார்.

ரயிலைத்தான் திருத்த முடியவில்லை, நோயாளிகளையாவது திருத்தலாம் என்று 'படத்துக்கு வாய் திறக்கும் பயிற்சி' தொடங்கியது. கல்லூரிக் கலையரங்கில் பாய் விரித்து எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி, கண்ணை மூடி, நாடியை அடக்க வேண்டும். ஈக்கள்தான் தொந்தரவு. ஜெயம்மாளுக்குப் பக்கத்துப் பாயில் அரக்கோணத்தில் பைக் மெக்கானிக்காக இருக்கும் ஃபக்ருதீன் உட்கார்ந்திருந்தார். அங்கே அவர்தான் மூத்த நோயாளி. புதிதாக வருகிறவர்களுக்கு வாய் திறக்கும் கோணத்தை அவர்தான் சொல்லிக்கொடுப்பார்.

"நீங்க வந்து ரொம்ப நாளாச்சுங்களா பாய்?" என்று இடைவேளையில் கேட்டாள் ஜெயம்மாள்.

"வரும்போது முழுப் பல்லா கொண்டாந்தேம்மா. இப்ப வேரு மட்டும் நிக்குது" என்றார் ஃபக்ருதீன். குரலில் வருத்தமே இல்லை. "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. இங்க வலிக்குதுன்னு சொன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. 'சார், காட்சி நல்லா இருக்கு'ன்னு சொல்லுங்க. ஓடியாருவாரு."

ஜெயம்மாள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவள் பல் தானாகவே சொன்னது. அடுத்த முறை திரையில் படம் வந்தபோது சின்ன விரிசல் சற்று நீண்டு, கிளைவிட்டு, அழகாக இருந்தது. முதல்வர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டெல்லியிலிருந்து பல் பட அங்கீகாரக் குழு வரப்போகிற சமயம் அது. குழு கொடுக்கிற உயர்ந்த தரத்தை வாங்குவதற்கு ஒரு அபூர்வமான படம் வேண்டும். அது இந்தப் பல்லில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"விரிசல் வாயை மூடிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் திறந்தா உள்ள வெளிச்சம் போகும். ஆழம் வரைக்கும் தெளிவா விழும்" என்றவர், கடித்துப் பார்ப்பதற்கான ஒரு பிளாஸ்டிக் குச்சியை எடுத்தார்.

அனுராதா குறுக்கே கையை வைத்தாள். "வேண்டாம் சார். அழுத்துனா பிளந்துடும். பிளந்தா காப்பாத்த முடியாது."

"பிளந்துடும்னு எப்படிச் சொல்றீங்க? படம் இருக்கா?"

அனுராதாவிடம் படம் இல்லை.

குச்சியை வைத்து, "கடிங்கம்மா, நல்லா கடிங்க" என்றார் முதல்வர். பெரியவர்கள் சொன்னால் செய்துதான் ஜெயம்மாளுக்குப் பழக்கம். கடித்தாள். வறுத்த கடலையை உடைப்பதுபோல ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்டது. பிறகு அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருந்த பரந்தாமன் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"விழுந்துச்சா? ஃபோகஸ் இருந்துச்சா?" என்று முதல்வர் கத்தினார்.

விழுந்திருந்தது. திரையில் பல் நடுவகிடு எடுத்ததுபோல இரண்டாகப் பிரிந்து நின்றது. பிளவின் அடி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் ஊறிய ஒரு துளி ரத்தம்கூடப் பவளம்போல இருந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். முதல்வரின் கண்கள் கலங்கின. "இந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை வருஷம்" என்று தழுதழுத்துவிட்டு, யாருக்கோ போன் செய்ய வெளியே போனார். மாணவர்களும் அவர் பின்னால் போனார்கள்.

அறையில் அனுராதா மட்டும் நின்றாள். மைக்ராஸ்கோப்பின் கழுத்தை இரண்டு கையாலும் தள்ளி ஒதுக்கினாள். வளையத்தைக் கழற்றி, ஜெயம்மாளின் வாயோரத்தைத் துடைத்தாள்.

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. இனி இதைக் காப்பாத்த முடியாது. எடுத்துடறேன். வலி நின்னுடும்."

ஜெயம்மாள் தலையை மட்டும் அசைத்தாள். அனுராதா ஊசி போட்டாள். ஈறு வெளுத்தது. நாற்காலியோடு இருந்த சாதாரண விளக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு துண்டுகளையும் எடுத்தாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்தபோது ஜெயம்மாள் குழறலாகக் கேட்டாள்.

"போட்டோ எடுக்கலியாம்மா?"

"எடுக்கலம்மா."

"அப்பால ஒத்துக்குவாங்களா?"

"எதை?"

"பல்லு போச்சுன்னு."

பஸ்ஸில் வரும்போது ஜெயம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். வலி நின்றிருந்தது. வலி இருந்தவரைக்கும் பல் இருந்தது. இப்போது நாக்கு போய்ப் போய் வெற்றிடத்தைத் தொட்டுவிட்டு வந்தது. "இனிமே இன்னாத்த மெல்றது?" என்றாள். பரந்தாமன் வீட்டுக்குப் போய் இட்லியைப் பாலில் பிசைந்து கொண்டுவந்து வைத்தான். பாலில் உப்பைப் போட்டிருந்தான். அவள் அதையும் சாப்பிட்டு முடித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காயம் ஆறிவிட்டதா என்று பார்க்க அனுராதா ஒருநாள் பஸ் ஏறிக் கடைக்கே வந்தாள். ஜெயம்மாள் சுடச்சுட தோசை போட்டுக் கொடுத்தாள். பாதி தோசையில் அனுராதா விஷயத்தைச் சொன்னாள். படம் இல்லாமல் பல் பிடுங்கியதற்காக அவள்மேல் விசாரணை. கடைசிப் பரீட்சை எழுத விடவில்லை.

"என் வாயி, என் பல்லு. நான்தானே தலையாட்டுனேன்?" என்றாள் ஜெயம்மாள்.

"அதுக்கும் படம் இல்லியேம்மா."

குழு வருவதற்குச் சற்று முன்னால் கல்லூரிக் கார் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. முதல்வரே இறங்கினார். பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார்கள்.

"குழு படத்தை மட்டும் பார்க்காதாம். பல்லை நேர்லயும் பார்க்கணும்னு சொல்றாங்க. நீங்க வந்து வாயைத் திறந்தா போதும்மா."

"பல்லுதான் இல்லியே சார்."

"பதிவேட்டின்படி இருக்கு. எடுத்ததுக்குப் படம் இல்லாததால அது எடுக்கப்படாத பல். நீங்க கவலையே படாதீங்க. உருப்பெருக்கத்தை உச்சத்துல வச்சுட்டா எது பல், எது ஈறுன்னு பிரம்மாவாலயும் சொல்ல முடியாது."

ஜெயம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அவர் எதிரே நின்றாள். இதுவரைக்கும் அவள் கல்லூரியில் எதையும் கேட்டதில்லை. "வரேன் சார். அந்த அனுராதாப் பொண்ணு மேல போட்ட கேஸை எடுத்துட்டு, பரீட்சை எழுத வுடுங்க. இல்லாங்காட்டி என் வாயி தொறக்காது."

முதல்வர் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "விசாரணைக் கூட்டத்துல எடுத்த படத்துல ரெண்டு பேர் தலை வெட்டுப்பட்டிருக்கு. தெளிவான படம் இல்லாததால அந்த விசாரணை நடக்கவே இல்லைன்னு எழுதிடலாம். பரீட்சை எழுதட்டும்" என்றார். மறுநாளே எழுதியும் கொடுத்தார். விதியை மதிக்கிற மனிதர்.

குழு வந்த அன்று கலையரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் நாற்காலி, நாற்காலியில் ஜெயம்மாள், அவளுக்கு மேலே மைக்ராஸ்கோப், பின்னால் சினிமாத் திரை அளவுக்கு ஒரு திரை. குழுவின் தலைவர் பேராசிரியர் பரணிதரன் டெல்லியில் நெடுங்காலம் இருந்த தமிழர். கழுத்தில் போட்ட மலர்மாலையைக் கடைசிவரை கழற்றவில்லை.

முதல்வர் பேசினார். ஜெயம்மாளின் பல் ஒவ்வொரு படமாகத் திரையில் வந்தது: விரிசல், நீண்ட விரிசல், கிளைவிட்ட விரிசல், கடைசியில் அந்தப் பிளவு.

"ஒரு நல்ல பல் படிப்படியாக எப்படி நாசமாகிறது என்பதை உலகத்தில் யாரும் இவ்வளவு தெளிவாகப் பதிவு செய்ததில்லை. மற்ற மருத்துவமனைகளில் ஏன் முடியவில்லை? அவசரம்! நோயாளி வந்ததும் சிகிச்சை கொடுத்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படிக் கொடுத்திருந்தால் இந்தப் படங்கள் கிடைத்திருக்குமா?"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

பிறகு நேர்முகக் காட்சி. உருப்பெருக்கம் உச்சத்துக்குப் போனது. திரை முழுவதும் இளஞ்சிவப்பாக, வழவழவென்று ஏதோ விரிந்தது.

"ஆகா, என்ன தெளிவு!" என்றார் பரணிதரன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "பல் எங்கே?"

முதல்வர் வாயைத் திறப்பதற்குள் ஜெயம்மாள் வளையத்தைக் கையால் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"பல்லு இல்லீங்க. அந்தக் குச்சியக் கடிக்கச் சொன்னாங்க, ரெண்டாப் போச்சு. தோ, அங்க நிக்குதே அனுராதாப் பொண்ணு, அதுதான் எடுத்துச்சு. அதுக்கப்பறந்தான் எனக்கு வலி நின்னுச்சு. தூக்கம் வந்துச்சு."

முதல்வர் நெற்றியைத் துடைத்தார். பரணிதரன் குழுவினரோடு தலையைச் சேர்த்துப் பேசிவிட்டு நிமிர்ந்தார்.

"எடுத்ததற்குப் படம்?"

"இல்லீங்க."

"வலி இல்லை என்கிறீர்களே, அதற்குப் படம்?"

ஜெயம்மாளுக்குக் கேள்வி புரியவில்லை. "வலி இல்லைங்கறத எப்டிங்க போட்டோ எடுப்பாங்க?"

"அதேதான் அம்மா எங்கள் சங்கடமும்" என்றார் பரணிதரன் வருத்தத்தோடு. "நோய்க்குச் சிறந்த படங்கள் இருக்கின்றன. குணமானதற்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே நோயை ஏற்கிறோம். குணமானதை ஏற்க வழியில்லை."

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. வலியில்லாத நிலையைப் படம் எடுப்பது குறித்து ஆராய ஒரு துறை அமைக்கலாம் என்று குழு ஒரே ஒரு ஆலோசனை எழுதியது. துறை அமைந்தது. பிளந்த பல்லின் படம் திருத்தணி நுழைவாயிலில் பெரிய பேனராக நின்றது. மலைக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் சிலர் அதை ஏதோ மலைக்கோயில் என்று நினைத்து எந்த ஊர் என்று விசாரித்தார்கள்.

அனுராதா பரீட்சை எழுதித் தேறினாள். ஆர்.கே.பேட்டையில், தறிச் சத்தத்துக்கு நடுவில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் சின்ன கிளினிக் வைத்தாள். ஜெயம்மாளுக்கு முதல் வேலையாகக் கட்டுப்பல் செய்து கொடுத்தாள். அசல் பல் மாதிரி இல்லை, முறுக்கு உடைபடாது. ஆனாலும் மெல்ல முடிந்தது. சாம்பார் பொறுப்பு பரந்தாமனிடமிருந்து திரும்ப வாங்கப்பட்டது. வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, கடையில் முதல் ஈடு இட்லி வேகும்போது ஒரு கார் வந்து நின்றது. மாஸ்க் போட்ட ஒருவர் இறங்கி, ஆள் இல்லாத மூலை பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து காப்பி கேட்டார். ஒரு வாய் குடிப்பதற்காக மாஸ்க்கை இறக்கியபோதுதான் டாக்டர் ஹரிஹரன் என்று ஜெயம்மாளுக்குத் தெரிந்தது. இடது கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. காப்பி உள்ளே பட்டதும் உடம்பே ஒருமுறை குலுங்கி நின்றது.

"ஐயோ, இன்னா சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றவர், ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். "அந்தப் பொண்ணு... அனுராதா... கிளினிக் எங்க வச்சிருக்கு? காலேஜ்ல யாரையும் கேக்க முடியல."

"ஆர்.கே.பேட்டைல சார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்க, ஜவுளிக்கட மாடி. உங்க காலேஜ்லயே அவ்ளோ பெரிய மிஷின் கீதே சார்?"

முதல்வர் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, "அங்க கேமரா கீமரா ஏதாவது வச்சிருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார்" என்றாள் ஜெயம்மாள். "அது வெறும் வைத்தியம் மட்டுந்தான் பாக்குது."